ஆறு பொது, கரை தனி

"ஓடுற தண்ணி எல்லாருக்கும் பொதுதாங்க. அதுல மீன் பிடிக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு," என்று மீன்வளத்துறை அதிகாரி சொன்னதும் வலைக்காரருக்கு உயிர் வந்தது. பக்கத்தில் நின்ற மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

"அப்ப ஆத்துக்குப் போற வழியை மறிச்சிருக்கிற அந்தக் கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்க சார்."

"அது எப்படி முடியும்? கரை ரெண்டு பக்கமும் விடுதிக்காரரோட சொந்த நிலம். நீங்க தண்ணிக்குள்ள நில்லுங்க, வலை போடுங்க, யாரும் கேக்க முடியாது. கரையில மட்டும் கால் வைக்கக் கூடாது."

"கரையில கால் வைக்காம தண்ணிக்குள்ள எப்படி சார் போறது? பறந்தா?" என்றாள் மனைவி.

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நியாயமான கேள்விதாம்மா. ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு," என்றார்.

ஆறு வளைகிற அந்த மடுவில்தான் மீன் சேரும். மற்ற இடத்திலெல்லாம் முழங்கால் தண்ணீர். விடுதிக்காரர் நிலத்தை வாங்கி வேலி போட்டபோது, காவலுக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தன் தம்பியைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதே அவள்தான். இப்போது அவன்தான் கேட்டில் நிற்கிறான். அக்காவும் மாமாவும் வருவது தெரிந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

மறுநாள் காலை பாலத்தடியில் ஒரு படகை இரவல் வாங்கி, இருவரும் தண்ணீர் வழியாகவே மடுவுக்குப் போனார்கள். கரையில் கால் படவில்லை. வலை கனமாக இறங்கியது. இழுக்கும்போதுதான் வினை வந்தது. கரையோரம் நீட்டிக்கொண்டிருந்த மரவேரில் வலை வசமாக மாட்டிக்கொண்டது. எக்கி எக்கிப் பார்த்தும் படகிலிருந்து கை எட்டவில்லை.

தம்பி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், அந்த வேர்லேர்ந்து கொஞ்சம் எடுத்துவிடுடா," என்றாள் அவள்.

அவன் கம்பத்து உச்சியில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தான். "அக்கா, முதலாளி பாத்துட்டே இருப்பாருக்கா."

"விடு. அவன் பொழப்புல மண்ணைப் போடாத," என்றார் வலைக்காரர்.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். வேரில் கை வைத்திருப்பான், சட்டைப் பையில் போன் அடித்தது. "சரிங்கய்யா... சரிங்கய்யா..." என்றபடியே பின்னால் நகர்ந்தான்.

"மாமா, வலையை அறுத்துட்டுப் போகச் சொல்றாரு. கரையைத் தொட்டா போலீஸைக் கூப்பிடுவாராம்."

வலைக்காரர் கத்தியை எடுத்தார். கை வரவில்லை. மனைவிதான் வாங்கி அறுத்தாள். அறுபட்ட பாதி தண்ணீரில் அப்படியே கிடந்தது. உள்ளே சிக்கியிருந்த மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றைத் தொட யாருக்கும் வழியில்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, வேலையை விட்டுடட்டுமா?"

அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீ விட்டா கேட்டு திறந்துடுமா? வேற எவனாவது வந்து நிப்பான். உள்ள வா, சாப்பிட்டுப் போ."

"மாமா என்ன பண்ணுவாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வலைக்காரர் மிச்ச வலையை மடியில் போட்டபடி சுவரில் சாய்ந்திருந்தார். தம்பி கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும். அறுந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியலைடா," என்று சொல்லிவிட்டு, அவள் தட்டெடுக்கப் போனாள்.