சதுரத்துக்கு வெளியே

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மாளவிகாவின் போன் வந்தபோது, ஆஃபியா பொழிச்சலூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மெஹந்தி கோன் சுற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஃபராவுக்குக் கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் மணப்பெண்ணுக்கு மெஹந்தி. இருபது கோன் தேவை, பன்னிரண்டு முடிந்திருந்தது.

"ஏய் ஆஃபி, உன் ஆர்குட் போட்டோல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டு இருக்காளே, யாருடி அது? செம அழகு!"

மாளவிகா அவளோடு கல்லூரியில் படித்தவள். நல்லவள்தான். ஆனால் வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டாள்.

"பொண்ணா? அது கைடி. கை மட்டும்தான் போட்டிருக்கேன்."

"சின்னதா தெரியறப்ப கைதான். அது மேல கிளிக் பண்ணிப் பாரு, பெருசா திறக்குது. முடியெல்லாம் விரிச்சுப் போட்டுக்கிட்டு, கண்ணு சுருங்கச் சிரிக்கிறா. பின்னாடி பச்சை பீரோகூட தெரியுது."

பச்சை பீரோ! அது ஃபரா வீட்டு பீரோ. ஆஃபியாவின் கையிலிருந்த கோன் நசுங்கி, பாவாடையெல்லாம் மெஹந்தி ஆனது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"மாளு, மாளு, உடனே நீ என் பாஸ்வேர்ட் போட்டு உள்ள போய் அழிச்சிடுடி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஆபீஸ்ல இருக்கேன்டி. இங்க ஆர்குட்டை பிளாக் பண்ணி வச்சிருக்காங்க. நேத்து ராத்திரி வீட்டுலதான் பாத்தேன். ஏன், என்னாச்சு?"

"அப்புறம் சொல்றேன்டி" என்று ஆஃபியா போனை வைத்தாள்.

விஷயம் இதுதான். ஃபராவின் உம்மா சித்திகா மாமி, மகளுடைய போட்டோ எதையும் வெளியே விடாதவர். மாப்பிள்ளை ஃபைஸின் வீட்டுக்கே ஒரு படத்தைக் கைப்பையில் வைத்து எடுத்துப் போய், அங்கிருந்த பெண்களுக்குக் காட்டி, டீ குடித்து முடிப்பதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவர். காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அக்கா மகளின் நிச்சயதார்த்த சிடி எப்படியோ பம்மல் முழுக்கச் சுற்றி, மாப்பிள்ளையின் தம்பியுடைய நண்பர்கள் வரைக்கும் போய், கடைசியில் அந்தச் சம்பந்தமே முறிந்து போயிருந்தது. "உங்க பொண்ணு என்ன சினிமாக்காரியா?" என்று அந்த வீட்டில் கேட்ட கேள்வியை சித்திகா மாமி இன்னமும் மறக்கவில்லை. போன மாதம் ஃபராவின் நிச்சயத்துக்கு ஆஃபியா மெஹந்தி போட்டு முடித்ததும், கேமராவைப் பார்த்துவிட்டு, "கையை எடுத்துக்க, உன் தொழிலுக்கு ஆகும். முகம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. விழுந்தா அழிச்சிடு" என்று சொல்லித்தான் விட்டார். ஆஃபியா தலையில் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தாள்.

செய்தாள், சரி. அப்புறம் ஏன் போட்டாள் என்றால், எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சதுரத்தால் வந்த வினை.

ஆர்குட்டில் முகப்புப் படம் சதுரமாகத்தான் தெரியும். ஆஃபியாவிடம் இருந்த படங்களோ எல்லாம் நீளம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை போட்ட கொடியை ஏற்றினால், சதுரத்தில் நடுக்கை மட்டும் தெரிந்தது. விரல்களைக் காணோம். மெஹந்தியில் விரல் இல்லை என்றால் அப்புறம் என்ன இருக்கிறது? பொழிச்சலூர் பிரவுசிங் சென்டர் சாவித்ரி அக்காவிடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் இருக்கும் பெயிண்ட் புரோகிராமில் திறந்து அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே எண்ணைப் போடு என்றார். போட்டாள். படம் சதுரமானது உண்மைதான், விரலெல்லாம் உப்பிப்போய் உட்கார்ந்துகொண்டது.

"இது கல்யாணப் பொண்ணு கையா, பூவன்பழ சீப்பா?" என்று சாவித்ரி அக்காவே சிரித்தார்.

இருந்ததில் ஒரே ஒரு படம்தான் சதுரத்துக்கு வாகாக அமைந்தது. ஃபரா இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மார்புக்கு முன்னால் நீட்டியிருந்த படம். கைக்கு மேலே அவள் முகமும் விழுந்திருந்தது. அழித்திருக்க வேண்டிய படம். ஆனால் ஆர்குட்டே ஒரு கட்டத்தைக் கொடுத்து, எந்த இடம் தெரியவேண்டுமோ அந்த இடத்துக்கு இழுத்துக்கொள் என்றது. ஆஃபியா இழுத்தாள். கை உள்ளே வந்தது, முகம் வெளியே போனது. அப்பாடா என்று சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அது செவ்வாய்க்கிழமை.

அவள் பிறந்து வளர்ந்தது ஃபிரேம் கடைக்காரர் வீட்டில். வாப்பா அயூப் மேற்குத் தாம்பரத்தில் முப்பது வருஷமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறவர். கூடத்தில் மாட்டும் குடும்பப் படத்தில் வீட்டுப் பெண்ணின் முகம் வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த ஓரத்தைப் பிளேடால் சீவி எடுப்பார். சீவிய துண்டை ஒரு கவரில் போட்டு, ஒட்டி, படத்துக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். குப்பையில்கூடப் போடமாட்டார். ஆகவே வெட்டினால் வெட்டியதுதான் என்பது ஆஃபியாவின் ரத்தத்தில் ஊறிய விஷயம். கம்ப்யூட்டரும் பிளேடு வேலைதான் பார்க்கும் என்று நினைத்துவிட்டாள். அது பார்த்தது மவுன்ட் அட்டை வேலை. நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டையைப் படத்தின் மேல் வைத்தால் ஜன்னலுக்குள் இருப்பது மட்டும் தெரியும், மீதிப் படம் அட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். அட்டையைத் தூக்கினால் முடிந்தது கதை. நாலு நாளாக ஊரில் யார் வேண்டுமானாலும் அட்டையைத் தூக்கிப் பார்க்கலாம் என்றல்லவா விட்டு வைத்திருக்கிறாள்!

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளையின் தம்பி அசார், நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவனுக்கு ஆர்குட் இருக்கிறது.

மெஹந்திப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். சாவித்ரி அக்கா சென்டர் வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"கரன்ட் இல்லம்மா. ரெண்டு மணிக்குத்தான் வரும்."

"யூபிஎஸ் இருக்கே அக்கா!"

"அது அஞ்சு நிமிஷத்துல கத்திட்டுப் படுத்துடுச்சு. பம்மலும் இதே லைன்தான், அங்க போயும் பிரயோஜனமில்ல. தாம்பரத்துல காலையிலேயே கட் பண்ணி விட்டுடுவாங்க, இப்ப இருக்கும். ஏம்மா இப்படி வேர்த்துப் போயிருக்க?"

பதில் சொல்ல நேரமில்லை. ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து பஸ். குரோம்பேட்டையில் ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்றது. பக்கத்தில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால்கூட ஃபராவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று ஆஃபியாவுக்குப் பக்கென்றது. ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்துக்குத் தாம்பரத்தில் இறங்கினாள்.

ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஒரு சென்டர். கல்லாவில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். மேலே மாட்டியிருந்த போர்டில் 'உரிமையாளர் தட்சிணாமூர்த்தி' என்று இருந்தது.

"இன்னா மேடம், ஐடி கீதா?"

"இல்லண்ணா. அவசரமா வந்துட்டேன். அஞ்சே நிமிஷம்."

"ஐடி இல்லாம குந்த வச்சா எனுக்குத்தான் பேஜாரு. வூட்டுக்குப் போய் எடுத்துகினு வாம்மா."

"அண்ணா, ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுடும்ண்ணா." அதற்குமேல் பேச முடியாமல் ஆஃபியாவுக்கு அழுகை முட்டியது.

அவர் அவளையும் அவளுடைய பாவாடையில் காய்ந்திருந்த மெஹந்தியையும் பார்த்தார். "வில்லங்கம் ஒண்ணும் இல்லியே? சரி, போ. நாலாம் நம்பரு."

பாஸ்வேர்ட் இரண்டு முறை தப்பாக விழுந்தது. மூன்றாவது முறை உள்ளே போனாள். படத்தின் மேல் கிளிக் செய்தாள். மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முதலில் பச்சை பீரோ. அப்புறம் விரித்த கூந்தல். அப்புறம் கண், சிரிப்பு, கடைசியாகக் கை. யா அல்லாஹ், எவ்வளவு பெரிதாக இருந்தது அந்த முகம்! அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்று இன்னொரு முறை அழுத்தினாள். படம் போய், யாருமில்லாத சாம்பல் உருவம் வந்தது.

மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அதே பக்கத்தில் இருந்த பட்டியல் கண்ணில் பட்டது. சமீபத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள். ஐந்து பேர். முதல் பெயர் மாளவிகா. மூன்றாவது பெயர் அசார்.

பெயரை அழுத்திப் பார்த்தாள். பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்கும் படம், மாப்பிள்ளையின் தம்பி அதே அசார்தான். சந்தேகமே இல்லை.

இனி என்ன செய்வது? படம் போய்விட்டது. அசார் சொன்னால்தானே ஆபத்து, சொல்லாமலும் இருக்கலாமே, பேசாமல் வீட்டுக்குப் போய் மிச்ச எட்டுக் கோனைச் சுற்றினால் என்ன என்று ஒரு நிமிஷம் ஆஃபியாவுக்குத் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் யாராவது வாயெடுத்தால்? சித்திகா மாமி ஒன்றும் தெரியாமல் திருதிருவென விழிப்பார். ஃபராதான் தானாகவே படத்தைப் போட்டுக்கொண்டாள் என்பார்கள். அந்தப் பழி ஃபரா தலையில் விழக்கூடாது. ஐந்து நிமிஷத்துக்கான காசைக் கொடுத்துவிட்டு, நேராக மேற்குத் தாம்பரத்தில் இருந்த மாமி வீட்டுக்கு நடந்தாள்.

சித்திகா மாமி கல்யாணச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஃபரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஃபியா வாசற்படியில் நின்றபடியே முழுவதையும் ஒப்பித்தாள். சதுரம், கட்டம், நாலு நாள், அசார். எதையும் மறைக்கவில்லை.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மடித்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, "உன்னை நம்பி வூட்டுக்குள்ள விட்டேனே ஆஃபியா" என்றார். ஃபரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம் மாமி போனை எடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டார். நாவலூரில் மணி அடித்தது.

"அசார் தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். சித்திகா மாமி பேசுறேன். மெஹந்தி போடுற புள்ள கம்ப்யூட்டர்ல ஒரு படம் போட்டுடுச்சாம். நீங்க பாத்தீங்களா?"

ஆஃபியா விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வஅலைக்கும் ஸலாம் மாமி. பாத்தேன். கை மட்டும்தான் பாத்தேன். டிசைன் நல்லா இருந்துச்சு." பிறகு, குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்குக்கூடக் காட்டல மாமி. யாருக்கும் காட்டல. நீங்க கவலைப்படாதீங்க" என்றான்.

வெறும் கையைப் பார்த்தவன் அண்ணனிடம் மறைப்பானேன்? மூன்று பேருக்கும் அது புரிந்தது. பார்த்திருக்கிறான், முழுசாகவே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொல்லி அந்த முகத்தின் மேல் மறுபடி அட்டையைப் போட்டு மூடுகிறான்.

"நல்லா இருப்பீங்க தம்பி" என்று மட்டும் சொல்லி மாமி போனை வைத்தார்.

பிறகு மாமி கையை நீட்டினார். "கேமராவக் குடு. என்னத்தப் போட்டேன்னு நானும் பாக்குறேன்."

ஆஃபியா பையிலிருந்து கேமராவை எடுத்து, படத்தைத் திறந்து கொடுத்தாள். தீப்பெட்டி அளவுத் திரை. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி சிரிக்கிறா பாரு" என்றார். "என்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்லையே."

ஃபரா கையை விலக்கி உம்மாவைப் பார்த்தாள்.

"அழிச்சிடட்டுமா மாமி?" ஆஃபியாவின் குரல் உடைந்தது.

மாமி கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டை விரலால் திரையைத் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை இவ போயிடுவா. பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சா யாருக்குத் தெரியப் போவுது. ஆம்பளைங்க கை படாம ஒரு காப்பி எடுக்க முடியுமா?"

"சாவித்ரி அக்காகிட்ட கலர் பிரிண்டர் இருக்கு மாமி. நானே பக்கத்துல நின்னு எடுத்துட்டு, அங்கேயே அழிச்சிட்டு வரேன். நாளைக்கு மெஹந்திக்கு வரப்ப..." வரலாமா என்பது தெரியாததால் ஆஃபியா பாதியில் நிறுத்தினாள்.

"மூணு மணிக்கு வா. கேமராவ வூட்டுலயே வச்சுட்டு வா." மாமி கேமராவை அவள் கையில் கொடுத்தார்.

"சரி மாமி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் வாய் தானாகக் கேட்டது. "படம் என்ன சைஸ்ல வேணும் மாமி?"

"சைஸைக் கண்டேனா நான்!" சித்திகா மாமி அதட்டினார். அந்த அதட்டலிலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது. "முழுசா வேணும். ஓரத்துலகூட எதையும் வெட்டிடாத."