பேர் சொல்லாமல் தட்டுகிறவன்

தேவராஜ மார்க்கெட்டில் லைனிங் துணியும் ஹூக்கும் வாங்கிக்கொண்டு காவேரி வீடு திரும்பியபோது, ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"எவ்வளவு நேரம் தட்றது? உள்ளே டிவி ஓடுது, ஆள் இருமுற சத்தம் கேக்குது. கதவை மட்டும் யாரும் தொறக்க மாட்டேங்கறாங்க" என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். காவேரி என்னென்னவோ சமாதானம் சொன்னாள். எடுபடவில்லை. தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணிகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டுதான் அந்த அம்மாள் போனாள்.

உள்ளே, கதவுக்கு நாலடி தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் மாதையன் உட்கார்ந்திருந்தார். மாமியார் பாப்பாத்தி அவருக்குக் கிட்டத்தில் தரையில் உட்கார்ந்து அவரைப் பருப்பு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் டிவியைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"மாமா, கதவு தட்டுனது கேக்கலையா?"

"கேட்டுது."

"அப்புறம்?"

"பேரு சொல்லுலயே. பேரு சொல்லாம தட்டுனா இந்த ஊட்ல தொறக்கறதில்லைன்னு உனக்குத் தெரியாதா அம்மணி?"

தெரியாமல் என்ன? கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குச் சொல்லப்பட்ட சட்டம் அது. யாராவது கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு, பேரு சொல்லு" என்று கேட்க வேண்டும். பேர் வந்தால் திறக்கலாம். வராவிட்டால் அசையக்கூடாது. கேஸ் சிலிண்டர்காரன் திரும்பிப் போயிருக்கிறான். கூரியர்காரன் எத்தனையோ முறை திரும்பிப் போயிருக்கிறான். காவேரியின் சொந்த அண்ணன் ஹேமந்த், தங்கையைச் சிரிக்க வைக்கலாம் என்று பேர் சொல்லாமல் தட்டிவிட்டு, வாசலிலேயே நின்று நின்று கோபித்துக்கொண்டு பெங்களூர் திரும்பியிருக்கிறான்.

ஏன் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. புருஷன் சேகரன் இதே ஊரில் ஹெப்பாள் பக்கம் ஒரு பாக்டரியில் மெஷின் ஓட்டுகிறவன், நல்லவன்தான். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவான்.

காரணம் பாதி அவளுக்கே தெரியும். முன்பு குடியிருந்த மேட்டகள்ளி வீட்டில் அதைக் கேட்டிருக்கிறாள். மழை பெய்கிற சாயங்கால வேளையில் வாசற்கதவில் ஒரு தட்டு. விரல் முட்டியால் மெல்லத் தட்டிவிட்டு, கடைசியில் உள்ளங்கையைக் கதவில் வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு சத்தம். யாரு என்று கேட்டால் பதில் வராது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டும். அது கேட்ட மாதமே வீட்டைக் காலி செய்தார்கள். அடுத்து ராஜீவ் நகர். அங்கேயும் வந்தது, அங்கேயும் காலி. பிறகு பன்னிமண்டபம் பக்கம் ஒரு சந்து. மாதேஸ்வரன் மலைக்குப் போய்க் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். நஞ்சன்கூட்டிலிருந்து ஒருவரை அழைத்துவந்து எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். நிலைப்படியில் பூசணிக்காய் தொங்கவிட்டார்கள். பூசணிக்காய் அழுகியதுதான் மிச்சம்.

இந்தக் கும்பாரகொப்பல் வீட்டைக் காவேரி அலைந்து திரிந்து பிடித்தாள். தையல் மெஷின் போடுகிற ஜன்னலில் பகல் முழுக்க வெளிச்சம். மகள் அஷ்வினிக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி சென்னம்மா தண்ணீருக்குக் கணக்குப் பார்க்காதவள். ரவிக்கை தைத்துத் தைத்து, இந்தத் தெருவில் 'காவேரி டைலர்' என்றால் நாலு பேருக்குத் தெரியும் என்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

ஜூன் மாத மழை தொடங்கியதும் இங்கேயும் தட்டு ஆரம்பித்தது.

முதல் நாள் அஷ்வினிதான் கேட்டாள். "அம்மா, யாரோ பாகிலு தட்றாங்க" என்று எழுந்தவளைத் தாத்தா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்றைக்குச் சாப்பாட்டின்போது சேகரன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஹூட்டகள்ளி பக்கம் ஒரு வீடு காலியிருக்காம். ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"ரீ, என்ன பேசறீங்க? நான் வரமாட்டேன்" என்றாள் காவேரி.

"அப்பாவுக்கு இங்கே சரிப்பட்டு வராது, காவேரி."

"எனக்குச் சரிப்பட்டு வருதே. அது கணக்கில்லையா?"

மறுநாள் தட்டு கேட்டதும் அவளே போய்த் தாழ்ப்பாளை விலக்கிக் கதவை விரியத் திறந்தாள். பாப்பாத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஒருவரும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது. படியில் மட்டும் இரண்டு காலடி அளவுக்கு ஈரம், சேறு கலந்த ஈரம். அந்தத் தெருவெல்லாம் சிமெண்ட், சேறு வர வழியே இல்லை. "உள்ளே வாங்க" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெஷினுக்குத் திரும்பியதும் மறுபடியும் தட்டு. இப்படியே அந்த வாரம் எத்தனை தரம் திறந்தாளோ. ஒவ்வொரு தரமும் அதே ஈரம், அதே வெறும் வாசல். பயம் முதல் நாளோடு போய்விட்டது. எரிச்சல்தான் மிஞ்சியது. வருகிறவனுக்கும் அவள் ஒரு பொருட்டாக இல்லை, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அவள் ஒரு பொருட்டாக இல்லை.

சனிக்கிழமை காலையில் மாமனார் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது அவள் பாப்பாத்தியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தே, ஸாக்கு, போதும். எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். இல்லைன்னா நான் அஷ்வினியைக் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

பாப்பாத்தி முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "உங்க மாமனுக்கு ஒரு தம்பி இருந்தான், சடையன்னு. காட்டுக்குள்ள பட்டி போட்டு மாடு மேய்ப்பான். அப்ப எங்கூர்ப் பக்கமெல்லாம் ஒரே பயம், கண்ணு. காட்டுல ஒளிஞ்சு திரியற கடத்தக்காரனுக்குச் சோறு போட்டான்னு பேச்சு வந்துட்டா, போலீசு குடும்பத்தோட புடிச்சுட்டுப் போயிரும். இவன் ஆருக்கோ அரிசி கொடுத்தான்னு பேச்சு வந்துருச்சு. நெசமோ பொய்யோ, ஆரு கண்டா? அவன் ஊட்டுப் பக்கமே வரல. ஒரு நா மழையில வந்தான். காச்ச போல. தட்டுனான்."

"பேரு சொல்லலையா?"

"எப்புடிச் சொல்லுவான்? பக்கத்து ஊட்ல காது கேக்கும். பேரு சொன்னா நாங்களும் மாட்டுவோமின்னுதான் சொல்லாம தட்டுனான். அவன் தட்டறது எங்களுக்குத் தெரியும். கடைசியில கைய வெச்சு ஒரு அழுத்து அழுத்துவான். சின்னப் புள்ளையிலிருந்தே அப்புடித்தான். உன் புருசனுக்கு அப்ப அஞ்சு வயசு. 'சித்தப்பா'ன்னு வாயெடுத்தான். இவரு அவன் வாயப் பொத்திட்டு, இன்னொரு கையில தாப்பாளப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம்?"

"விடிஞ்சு பாலாத்து ஓரத்துல பொணமாக் கெடந்தான். ஒறவுன்னு சொல்லிட்டு நாங்க ஆரும் போகல. கருமாதியும் பண்ணல. பண்ணுனா, வந்தது அவன்தான்னு ஆயிருமில்ல?"

முற்பகல் வெயிலில் மாதையன் திரும்பி வந்தார். காவேரி நேராகவே கேட்டாள். "மாமா, வெளியே வர்றது உங்க தம்பி. நான் தொறந்தா வரமாட்டேங்கறாரு. நீங்க ஒரு தரம் தொறந்திருங்க. போதும்."

அவர் பாப்பாத்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "தட்டுனவன் பேரு சொல்லல. எனக்கெப்புடித் தெரியும் ஆருன்னு?" என்றார்.

"அத்தை எல்லாம் சொல்லிட்டாங்க."

"பேரு சொல்லல" என்றார் மறுபடியும், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சாமானக் கட்டற வழியப் பாருங்க."

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அதைக் காப்பாற்றத்தான் வீட்டுக்கே அப்படி ஒரு சட்டம். பேர் கேட்காமல் திறக்கிற ஒரு வீட்டில் அவருடைய சமாதானம் நிற்காது. காவேரிக்கு அது புரிந்தபோது பரிதாபம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். ஊசி உடைந்தது. மாற்றினாள். அதுவும் உடைந்தது.

சேகரனிடம் சொன்னால், "நான் சின்னப் பையன், எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை" என்றான். சொல்லும்போது அவனுடைய கை தானாக வாய்க்குப் போனதை அவள் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனதும் காவேரி தெருக்கோடி ஆசாரியைக் கூட்டிவந்தாள். மழைக்குக் கதவு உப்பிவிட்டது, சாத்தவே முடியவில்லை, கழற்றிக்கொண்டுபோய் இழைத்துக் கொடுங்கள் என்றாள். சென்னம்மாவிடமும் அதையே சொன்னாள். ஆசாரி கீலைக் கழற்றி, கதவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிட்டு, "இனிமே எதைத் தட்டுவாரு, பாக்கலாம்" என்றாள்.

மாதையன் வாய்விட்டுக் கத்தினார். "பொம்பளையா நீ? நாயி பூந்தா என்ன பண்ணுவே? திருடன் வந்தா என்ன பண்ணுவே?"

"வரட்டும். பேரு கேட்டு உள்ளே விடறேன்."

அவர் தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மதியம் சாப்பிட வரவில்லை. மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. சர்க்கரைக்காரர். மழை பிடித்துக்கொண்டது. காவேரி சாப்பாட்டுத் தட்டும் மாத்திரையுமாக அவருடைய அறை வாசலுக்குப் போனபோது திரை அசைந்தது. ஈர இலையும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாடை கூடத்தில் பரவியது. காலடி ஈரம் திரைக்கு இந்தப் பக்கம் விழுந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. அவளைத் தாண்டிப் போய் அறைக்கதவின் முன்னால் நின்றது.

அறைக்கதவில் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அந்த அழுத்தம்.

பாப்பாத்தி அடுப்படியிலிருந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து மாதையன் கேட்டார்: "ஆரு? பேரு சொல்லு."

மறுபடியும் தட்டு.

"காவேரியா? பேரு சொல்லு அம்மணி."

தான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திறந்திருப்பார். மாத்திரையும் உள்ளே போயிருக்கும். காவேரி வாயை இறுக்கிக்கொண்டாள். தட்டு நிற்கவில்லை. முன்பெல்லாம் இடைவெளி விட்டுத்தான் வரும். இப்போது விடவில்லை. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"எத்தனை பேரு மாமா உங்களுக்கு வேணும்?" என்று கத்தினாள். "தட்டறது யாருன்னு இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் எங்களை விட நல்லாத் தெரியும். மூணு வீடு மாத்தினோம். ஊர் ஊரா கயிறு கட்டினோம். எங்க அண்ணன் இந்தப் படி ஏறி எவ்வளவு நாளாச்சு! எல்லாம் நீங்க எழுந்து நாலடி நடக்க மாட்டேங்கறதால. அவரு பேரு சொல்லாததே உங்களைக் காப்பாத்தத்தானே!"

தட்டு நின்றது. அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு மாதையனின் குரல் வந்தது, கதவுக்கு மிக அருகில். "சடையா."

அந்த வீட்டில் அந்தப் பேரை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. பாப்பாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாழ்ப்பாள் விலகியது. மாதையன் கதவைத் திறந்துகொண்டு நின்றார். வேட்டி நழுவியிருந்தது, முந்தாநாள் நறுக்கிய முடி காதோரம் பிசிறாக நின்றது. அவர் காவேரியைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால், கொஞ்சம் உயரத்தில், ஒருவருடைய முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

"நனஞ்சு போயிட்டியேடா" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தொவட்டு. தலையத் தொவட்டு மொதல்ல."

துண்டு அவர் கையை விட்டுப் போனது. கீழே விழுந்தபோது பொத்தென்று விழுந்தது, பிழிந்தால் சொட்டுகிற அளவு ஈரம். அவர் ஒதுங்கி வழிவிட்டார். காலடி ஈரம் அவரைத் தாண்டிக் கட்டில்வரை போயிற்று. மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்தது.

மாதையன் தட்டைக் காவேரியின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக் கட்டிலில் வைத்தார். கதவைச் சாத்தாமல் தரையில் உட்கார்ந்தார். சேகரன் ஷிப்டு முடிந்து வந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். வாசலில் கதவில்லாததைப் பார்த்துக் குரலை உயர்த்தப் போனவன், அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "சித்தப்பா" என்றான்.

மறுநாள் மெத்தை சமமாக இருந்தது. சோறு வைத்தபடியே இருந்தது. அந்த வார இறுதியில் அப்பனும் மகனும் கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து சொந்த ஊரான கோபிநத்தம் போய், பாலாற்றங்கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார்கள். தட்டு அதற்குப் பிறகு வரவில்லை. வீடு மாற்றுகிற பேச்சும் வரவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் ஊரில் சொல்வார்கள். காவேரிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணமான நாள் முதல் பதினைந்து வருஷம் அவளிடம் மூடி வைத்ததற்குச் சேகரன் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவைக் கழற்றியதற்குச் சென்னம்மாவிடம் அவள்தான் பேச்சு வாங்கினாள். போன கல்யாண ஆர்டர் போனதுதான். மாதையனோ அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் அஷ்வினியிடம் கேட்டார். எதிரில் வந்தால் சுவரோரமாக ஒதுங்கினார்.

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மணி, கொழம்புல உப்புப் பத்துல" என்றார்.

இத்தனைக்கும் பிறகு அவர் கேட்டது உப்பைத்தான். உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள்.

"நீங்களே போட்டுக்கோங்க" என்றாள்.

அவர் போட்டுக்கொண்டார்.