நன்றி, உங்கள் செய்தி வந்து சேர்ந்தது

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. இணையத்தில் ஒரு புகார்ப் பலகையின் அடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கதைகளைப் போட்டுவைக்க ஒரு வெப்சைட் வைத்திருக்கிறேன். அதை ஓட்டுவது ஓர் இலவச மென்பொருள். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரித்துப் பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாத வசதி வேண்டுமென்றால், வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை இறக்குவதுபோல ஒரு துண்டை ஒட்டிக்கொள்ளலாம். ப்ளகின் என்பார்கள். அதையும் யாரோ ஒருவர் சும்மாதான் செய்து கொடுத்திருப்பார்.

என் பக்கத்தின் கீழே வாசகர் கடிதம் எழுத ஒரு ஃபார்ம் இருந்தது. ஒருநாள் அது நின்றுபோனது. அதைச் செய்தவரின் பக்கத்தைத் தேடிப் போனேன். கீழே வரிசையாக வசவு. 'புது வெர்ஷனுக்கு எப்போது சரிசெய்வாய்?' 'பொறுப்பில்லாதவன்.' 'உயிரோடு இருக்கிறாயா?' நடுவில் தமிழில் ஒரு குறிப்பு:

'இதை எழுதினவருக்கு உடம்பு முடியல. நான் அவர் மனைவி. எனக்கு இந்த வேலை தெரியாது. திட்டாதீங்க.'

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதிக்கிடக்கிறது. மீதிப் பாதியை நான் இட்டுக்கட்டுகிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று...'

(வேண்டாம். விழுகிற மனிதனோடு எத்தனை கதைதான் தொடங்குவது.)

இரண்டாம் தொடக்கம்: 'திறந்த மூலநிரல் மென்பொருட்களின் நன்மை தீமைகளை ஆராயப் புகும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியது...'

(இதை என் வீட்டிலேயே யாரும் படிக்கமாட்டார்கள்.)

மூன்றாவது. இதை வைத்துக்கொள்கிறேன்:

அவள் பல்செட் செய்பவள்.

பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் சாந்தை ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, மிஷினில் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் ரோஸ் நிறப் பொடி இருக்கும். "ஊரெல்லாம் உன்னாலதான் சிரிக்குது. நீ மட்டும் உம்முன்னு இரு" என்பார் கணவர்.

கணவர் ஒரு கல்லூரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் சம்பளக்காரர். சம்பளமில்லாத வேலைதான் அந்த ஃபார்ம். ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் அதோடு உட்கார்ந்துவிடுவார்.

"சும்மாவா குடுக்கறீங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"எனக்கும் சும்மாதானே வந்துச்சு? அந்த மென்பொருள் இல்லன்னா நான் தொழிலே கத்திருக்க முடியாது. திறந்து வச்சிருந்தாங்க, பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"யாரு எடுத்துக்கறாங்கன்னாவது தெரியுமா?"

"தெரியாது. கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. யாருகிட்டயும் கைகட்டி நிக்காம அவங்களே ஒரு இடம் போட்டுக்கலாம். அதுதான் இதுல அழகு."

"கெட்டுப்போச்சுன்னா யாரைப் பிடிப்பாங்க?"

"யாரையும் பிடிக்க முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னைப் பிடிப்பாங்க" என்று சிரித்தார்.

இந்த மென்பொருளைப் பற்றி நான் கட்டுரை எழுதினாலும் இதற்கு மேல் சொல்வதற்கு அதிகமில்லை. ஆயிரம் பேர் கட்டிய வீடு. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆணியை அறைந்தவர் ஒருவர்தான், அவருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு.

3

கல்லூரி மாடிப்படியில் அவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது.

"அவருக்குப் புரியுதும்மா" என்றார் டாக்டர். "சொல்ல நினைக்கிற வார்த்தைதான் வரமாட்டேங்குது. எதைச் சொல்லப் போனாலும் இது ஒண்ணுதான் வாயில வந்து நிக்கும்."

அந்த வார்த்தை, 'சரி.'

தண்ணீர் வேண்டுமென்றால் சரி. தலையணை உறுத்தினால் சரி. தலையாட்டலையும் நம்ப முடியாது. வேண்டாம் என்பதற்கும் மேலும் கீழும்தான் ஆட்டினார். அவள் மெல்ல மெல்லக் காதைப் பழக்கிக்கொண்டாள். குட்டையாக வந்தால் பசி. இழுத்து வந்தால் வலி. கோபம் வந்தால் இரண்டு தடவை.

(டாக்டர் வாயால் இந்த நோயின் பெயரைச் சொல்லவைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். பெயர் தெரிந்து அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.)

அந்தச் சமயத்தில்தான் வசவுகள் வரத்தொடங்கின. அவருடைய லேப்டாப் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அவர் கொழுப்பெடுத்துப் போய்ப் பதில் போடவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் அந்தக் குறிப்பை எழுதினாள். சிலர் வருந்தினார்கள். ஒருவர், 'ரொம்ப வருத்தம், ஆனால் எங்கள் கடை ஃபார்ம்?' என்று கேட்டார்.

கணவரின் தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். ஓய்வு கிடைத்தால் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுப் போவான். அவன்தான் சொன்னான்: "தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடுங்க அண்ணி. படுத்துக்கிடக்கிற மனுஷன் எதுக்குத் திட்டு வாங்கணும்?"

வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்க ஆளும் இருந்தது. பலகையில் மின்மினி என்ற பட்டப்பெயரில் எழுதுகிறவர். ஆணா பெண்ணா தெரியாது. நயமான ஆள்.

'அக்கா, அவர் கட்டினதை நான் கலைக்கமாட்டேன். கணக்கு அவர் பேர்லயே இருக்கட்டும், அதுதான் மரியாதை. நான் பின்னால நின்னு பார்த்துக்கறேன்.'

படித்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் மரியாதை என்று ஒருவர் சொன்னது அப்போதுதான்.

4

இந்த இடத்தை நான் பலமுறை எழுதிவிட்டேன். என் வெப்சைட் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து வைக்கிறது, பின்னால் போய்ப் பார்க்கலாம். அதுவும் இந்த மென்பொருளின் நல்ல குணம்தான், எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும்.

ஒரு வரைவில், அவள் மின்மினியின் கடிதத்தைப் படித்துக்காட்டி, "குடுத்துடலாமாங்க?" என்கிறாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்கிறார். முடிந்தது. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொரு வரைவில் அவர் கத்துகிறார், கட்டிலைக் குத்துகிறார், அவள் மதிக்கவில்லை. அது அவளல்ல. அழித்துவிட்டேன்.

நடந்திருக்கக்கூடியது இது:

படித்துக்காட்டினாள். கேட்டாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சரி" என்றார். "சரி... சரி. சரி."

குட்டையும் இல்லை, நீளமும் இல்லை. இந்தச் சரியை அவள் அதுவரை கேட்டதில்லை.

"அண்ணனே சரிங்கறாரே" என்றான் தம்பி.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம். வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். குக்கர் கத்தியது, வேலைக்கு நேரமாகியிருந்தது, லேப்டாப்பில் இன்னொருவர் புதிதாகத் திட்டியிருந்தார். அன்று அவளுக்கு அது சரி என்பதாகவே இருக்க வேண்டியிருந்தது.

மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு, ஃபார்மைக் கைமாற்றிக்கொடுக்க லேப்டாப்பில் மின்மினி சொன்ன இடங்களில் எல்லாம் அழுத்தினாள்.

5

எல்லாம் நன்றாகிவிட்டது. அதுதான் கொடுமை. அந்த வாரமே அப்டேட் வந்தது. ஒட்டியிருந்த எல்லா வெப்சைட்டிலும் ஃபார்ம் உயிர்பெற்றது. என்னுடையதும்தான். பலகையில் நன்றி குவிந்தது. அவள் ஒவ்வொன்றையும் கணவருக்குப் படித்துக்காட்டினாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்த அப்டேட்டில் சில வரிகள் கூடுதலாக இருந்தன. ஃபார்மில் யார் எதை எழுதினாலும் அது உரியவருக்குப் போகாமல் வேறெங்கோ போனது. எழுதியவருக்கு மட்டும் திரையில் வழக்கம்போல, 'நன்றி, உங்கள் செய்தி வந்து சேர்ந்தது.'

மின்மினியை எனக்குப் பிடிபடவில்லை. முதலிலிருந்தே திருடனா? நல்ல மனதோடு வாங்கி, பிறகு வேறு கைக்கு விட்டுவிட்டதா? ஒரு அறை, ஒரு நாற்காலி, நோயாளித் தாய் என்று இரக்கம் வருகிறமாதிரி எழுதிப்பார்த்தேன். பிறகு குரூரமாகவும் எழுதிப்பார்த்தேன். இரண்டிலும் உயிரில்லை. எழுதுகிற எனக்கே முகம் தெரியாத ஆள், அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்த ஆளை அப்படியே விட்டுவிடுகிறேன்.

என் சைட்டிலும் ஃபார்ம் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்கு வாசகர் கடிதம் வருவதே அபூர்வம் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

6

(வெட்டப்பட்ட பகுதி: பல் லேபுக்கு ஓர் அச்சு வருகிறது. சின்ன வயதுப் பெண்ணின் வாய், முன்பற்கள் நான்கு இல்லை. குத்து வாங்கிய வாய் என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிகிறது. அந்தப் பெண் யாரென்றால்...

இல்லை. இத்தனை கச்சிதமாக எதுவும் வந்து வாசலில் நிற்காது. நானே நம்பாததை உங்கள் தலையில் கட்டமாட்டேன்.)

வந்தது ஒரு போன்தான். மிஷினை நிறுத்திவிட்டு முகமூடியை இறக்கிப் போனை எடுத்தாள்.

"அந்த ஃபார்ம் செஞ்சவங்க வீடுங்களா?" வயதான பெண்குரல். கணவரின் போன் இப்போது இவளிடம்தான்; அவர் தன் பக்கத்தில் போட்டிருந்த நம்பரைப் பிடித்து அந்த அம்மா அழைத்திருந்தார். வீட்டில் அடிதாங்காமல் வெளியேறுகிற பெண்களுக்குக் காப்பகம் நடத்துகிறவர்.

"சொல்லுங்கம்மா."

"நாங்க போன் நம்பர் வெளியில குடுக்கறதில்லம்மா. அடிக்கிறவன் மொதல்ல போனைத்தான் பிடுங்கிப் பார்ப்பான். அதனால வெப்சைட்ல ஃபார்ம் மட்டும்தான். எங்கயாவது கம்ப்யூட்டர் கிடைச்சா எழுதுவாங்க, நாங்க போய்க் கூட்டிட்டு வருவோம். கொஞ்ச நாளா ஒருத்தரும் எழுதல."

"ஒருத்தரும் இல்லையா?"

"ஊர் நல்லாயிருச்சோன்னுகூட ஒரு நாள் நெனச்சேன்மா. சிரிப்பா இருக்குல்ல? அப்புறம் பயம் வந்துருச்சு. நானே எழுதி அனுப்பிப் பார்த்தேன். நன்றி, வந்து சேர்ந்ததுன்னு காட்டுது. எனக்கு வந்து சேரல."

அவள் கையிலிருந்த பல்செட்டைத் தட்டில் வைத்தாள். எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் எடுத்துக்கொடுத்தார்.

மின்மினிக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். பிறகு பலகையில், எல்லோர் முன்னாலும், தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் எழுதினாள்: 'ஃபார்ம்ல எழுதறது போய்ச் சேரலைன்னு சொல்றாங்க. தெரிஞ்சவங்க யாராவது பாருங்க. தயவுசெஞ்சு.'

7

இங்கேதான் இந்த மென்பொருளின் பெரிய பலம் வருகிறது. மூடிய பெட்டியாக இருந்திருந்தால் கம்பெனிக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். இது திறந்து கிடக்கிறது. எங்கோ ஒருவர், யாரும் கூலி கொடுக்காமலே, வரிவரியாகப் படித்தார். அன்றைக்கே அந்த வரிகளைக் கண்டுபிடித்தார். ப்ளகின் முடக்கப்பட்டது. அவர் அதைத் துடைத்துச் சுத்தமாக்கித் திரும்பக் கொடுத்தார்.

முகம் தெரியாதவரும் பொறுப்பேற்கலாம் என்று திறந்து கிடந்ததால்தான் அந்த வரிகள் உள்ளே வந்தன. இதையும் சொல்ல வேண்டும்.

வரிகளின் பக்கத்தில் சேர்த்தவர் பெயர் இருந்தது. அவள் கணவரின் பெயர், சிரிக்கிற பழைய படத்தோடு. வலது கையைத் தூக்க முடியாத மாதத்தின் தேதியோடு. 'திருடன்' என்று எழுதினார்கள். 'நோய் என்று நாடகமா?' என்று எழுதினார்கள்.

"அண்ணன் பேரு நாறிப்போச்சு அண்ணி" என்றான் தம்பி.

"குடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்." கிளம்புகிறவன்போலச் செருப்பைத் தேடினான். வெகுநேரம் தேடினான். செருப்பு காலில்தான் இருந்தது.

"நீ சொன்ன. அழுத்தினது நான்" என்றாள். "உட்காரு தம்பி. சாப்பிட்டுப் போ."

துடைத்துக்கொடுத்த அந்த முகம் தெரியாதவர் பலகையில் இதையும் எழுதியிருந்தார்: 'இவர் எழுதியதை முதல் வரியிலிருந்து படித்தேன். எதைச் செய்தாலும் அதற்கு மேலே, ஏன் செய்கிறேன் என்று ஒரு வரி விளக்கம் வைப்பார். பின்னால் வருகிறவர் திண்டாடக் கூடாது என்று நினைக்கிற ஆள். இந்தப் பகுதியில் அது இல்லை. இது இவர் கை இல்லை.'

அவள் அதைக் கணவருக்குப் படித்துக்காட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். காப்பகத்தையும் சொன்னாள். வழிமாறிப் போன செய்திகள் எங்கே போயின என்று தெரியாது, திரும்பி வராது, எழுதியவர்கள் யார், எத்தனை பேர் என்று கேட்கவும் வழியில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை என்பதையும் சொல்ல வாயெடுத்து...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.)

அவர் வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

8

முடிவுக்கு வந்துவிட்டோம்.

காப்பகத்து அம்மா மறுபடி அழைத்தார். "புதுசை மாட்டியாச்சு. நீ ஒண்ணு எழுதி அனுப்பிப் பாரேன். எனக்கு என் கண்ணையே நம்ப முடியல."

சாப்பாட்டு வேளை, லேபில் மிஷின்கள் ஓய்ந்திருந்தன. அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, லேப் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஃபார்மில் 'சும்மா பார்க்கிறேன்' என்று அடித்து அனுப்பினாள்.

"வந்துருச்சு" என்றார் அந்த அம்மா. "'சும்மா பார்க்கிறேன்.' வந்துருச்சும்மா."

அவள் அந்தப் பக்கத்தை மூடப்போனாள்.

"இரு. இன்னொண்ணு வந்திருக்கு. நீ ரெண்டு தடவை அனுப்பினியா?"

"இல்லம்மா."

அந்த அம்மா கண்ணாடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு முதல் வரியை வாய்விட்டுப் படித்தார்.

"'இதுக்கு முன்னாடியும் எழுதியிருந்தேன், நீங்க வரல...'"

அதற்கு மேல் குரல் இல்லை. போன் வைக்கப்படவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பல்செட்டுக்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்தக் கடிதத்தின் மீதியை என்னால் எழுத முடியும். எழுதிய பெண் எப்படியோ தப்பித்து ஒரு சிநேகிதி வீட்டிலிருந்து எழுதுவதாக ஒரு வரைவு வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் தங்கைக்காரி எழுதுவதாக ஒன்று. அதில் அந்தப் பெண் உயிரோடு இல்லை. வசை மட்டும் நிறைந்த ஒன்றும் இருக்கிறது, அதுதான் நன்றாக வந்திருக்கிறது. மூன்றும் என் சைட்டில் வெளியிடாமல் கிடக்கின்றன. எதையும் வெளியிடப்போவதில்லை.

அது எனக்கு வந்த கடிதமில்லை. உங்களுக்கும் வந்ததில்லை. வேண்டுமானால் உங்கள் மனதில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன்; ஆனால் அந்த அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப்பார்க்காதீர்கள். அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.