மாக்கிறேட் அம்ப்ளிபயர் திருத்திய நாள்

பேர்னாட்டின் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்ததிலிருந்து கிரெய்கிபர்ன் வீட்டுக் கராஜில் புதுச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்திருந்தது. வாசலில் போட்ட கதிரையைத் தாண்டி அவன் உள்ளே போகக் கூடாது. திறந்த மின்சாரத்துக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று டொக்டர் சொன்னதை, அவன் மனைவி மாக்கிறேட் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாகச் சேர்த்துவிட்டாள்.

மேசையில் அவனுடைய கிற்றார் அம்ப்ளிபயர் வயிறு திறந்து கிடந்தது. புதுக் கண்ணாடிக்குழாய் வால்வுகள் போட்டாயிற்று. இனி அவற்றில் ஓடும் மின்சாரத்தை மீற்றரில் பார்த்து, சின்னத் திருகு ஒன்றைத் திருப்பிச் சரியான அளவில் நிறுத்த வேண்டும். கூடினால் வால்வ் சிவந்து எரிந்துபோகும்; குறைந்தால் சத்தம் சப்பென்றிருக்கும். அம்ப்ளிபயர் ஓடும்போதுதான் இதைச் செய்யலாம். உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு மனுசன் பாட்டுமில்லை பேச்சுமில்லை என்று சுருண்டு கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "நான் செய்யிறன், நீங்கள் சொல்லுங்கோ" என்று மாக்கிறேட்டே இறங்கிவிட்டாள். மறுக்க வேண்டியவன் ஆசையில் வாயை மூடிக்கொண்டான்.

காப்பையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னான். தன் பழைய காற்சட்டையைக் கொடுத்து, இடக்கையை அதன் பைக்குள் விட்டபடி செய்யச் சொன்னான். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சுக்குள்ளால் போகும். எல்லாம் அவன் பழகிய விதிகள், ஆம்பிளை உடம்புக்குப் போட்ட விதிகள்.

அவள் சுவிட்சைப் போட்டுக் குனிந்தாள். சட்டைக்குள்ளிருந்து தாலிக்கொடி நழுவி, கிறிஸ்தவத் தாலிக்குரிய புறாப் பதக்கத்தோடு அந்தத் திறந்த வயிற்றுக்கு மேலே ஆடியது.

பேர்னாட் கதிரை நுனிக்கு வந்தான். கத்தினால் திடுக்கிடுவாள். பாய்ந்து இழுத்தால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான்.

"மாக்கிறேட்," என்றான், பூனையைக் கூப்பிடுவதுபோல. "கையை எடும். மெள்ள நிமிரும்."

நிமிர்ந்தாள்.

"தாலியைக் கழட்டி வைச்சிட்டுச் செய்யும்."

"என்ன கதை இது? நீங்கள் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை நான் ஏன் கழட்ட?"

"அது உள்ளுக்கை பட்டால் செத்துப்போவீர்."

"செத்தாலும் கழட்டன்."

அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால். பதக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"மீற்றர் எவ்வளவு காட்டுது?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான் பேர்னாட். வாய் திறக்க முடியாதவள், விரலால் காட்டுவதற்காகப் பைக்குள் கிடந்த இடக்கையை வெளியே எடுத்தாள். வலக்கை திருகில் இருந்தது.

கேட்ட வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவனுக்கு. கையை உள்ளே வையும் என்றால் திரும்பிப் பார்ப்பாள். சொல்லாவிட்டால் கை அங்கேயே நிற்கும். மாதாவே என்று மனசுக்குள் மன்றாடினான். நெஞ்சுக்குள் வைத்த யந்திரம் ஒன்றும் நடவாததுபோல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்று விரல். பிறகு ஐந்து. முப்பத்தைந்து, சரியான அளவு.

சுவிட்சை நிறுத்திவிட்டு, பதக்கத்தைத் துடைத்துச் சட்டைக்குள் போட்டாள். "பாத்தியளே? ஒண்டும் ஆகேல்லை," என்று சிரித்தாள்.

அவனால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். "இனி இதைத் தொடாதையும். இதிலை இருந்து பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

மாக்கிறேட்டின் சிரிப்பு நின்றது.

"ஒப்பரேசன் அறை வாசலிலை நான் எப்பிடி இருந்தனான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை," என்றாள்.