எஞ்சினுக்குக் குளிர்த்தி

அந்த எஞ்சினுக்குள் அம்மன் இருக்கிறாள் என்று முதன்முதலில் சொன்னவள் நான்தான். பொய் சொன்னேன். இதை இப்போது சொல்வதால் என் தலை வெடித்துவிடாது. வெடிப்பதென்றால் எப்போதோ வெடித்திருக்கும்.

செங்கலடியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கினால் பழைய சல்லிக் கிடங்கு ஒன்று வரும். அது அங்கேதான் நின்றது. கரியில் ஓடிய கடைசி எஞ்சின்களில் ஒன்று. ரயில் பாதைக்குச் சல்லி இழுக்க வந்து, பழுதாகி, எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை ஒன்று மேலே விழுந்தும் அசையாமல் நின்றது. பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, ‘வெட்டக் கூடாது, பாதுகாக்க வேண்டியது’ என்று வெள்ளைப் பெயின்டால் மூன்று மொழியிலும் எழுதினார். அடுத்த மாதம் வந்து திருத்துவதாகச் சொல்லிப் போனார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. சண்டைதான் வந்தது.

என் புருஷன் அருமைநாயகம் அந்த எஞ்சினில் கரி போட்டவர். கிடங்கை ஒட்டித்தான் எங்கள் வீட்டு வளவு. காலையில் முகம் கழுவியதும் சிரட்டையில் எண்ணெயும் பழந்துணியுமாக அங்கே போய்விடுவார். ஏறாவூர் மீராசாஹிப்பின் நெல் ஆலையில் கழித்த எண்ணெய். சண்டையால் பாதை மூடிய நாட்களில் என் கறிச்சட்டிக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயும் அதன் சக்கரச் சில்லுக்குத்தான் போனது.

“ஓடாத எஞ்சினுக்கு என்னத்துக்கு எண்ணெய்?” என்று கேட்பேன்.

“ஒரு நாளைக்கு இழுத்தா சில்லு சுத்தவேணுமே,” என்பார்.

எனக்கு அது சக்களத்தி. ஆனாலும் மார்கழிக் காலையில் வாவிப் பனிப்புகார் மெல்ல ஏறி வந்து அதைச் சுற்றி நிற்கும்போது, அடுப்படியிலிருந்து பார்க்கிற எனக்கே அது மூச்சு விடுவதுபோல இருக்கும். கிடங்கு, தென்னைகள், தூரத்து ஆமிக்காரரின் சென்றி எல்லாம் கரைந்துபோய், அது மட்டும் எங்கோ புறப்படப் போவதாகத் தெரியும். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். சோறு அடிப்பிடித்த நாட்களும் உண்டு.

தொண்ணூறில் சிலிப்பர் கட்டைகள் போயின, தண்டவாளங்கள் போயின. எல்லாம் பங்கருக்கு. இரு பக்கத்தாரும் எடுத்தார்கள். எஞ்சினும் அதன் காலடியில் கிடந்த ஒரு துண்டுத் தண்டவாளமும்தான் மிச்சம். அடுத்த வருடம் ஒரு காலை, லொறியில் காஸ் சிலிண்டரோடு நாலு பேர் வந்து இறங்கினார்கள். பழைய இரும்பு வெட்டுகிறவர்கள். இவர் ஓடிப்போய் அந்த வெள்ளை எழுத்தைக் காட்டினார். ஒருவன் அதை வாசித்துச் சிரித்துவிட்டு, இவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். சல்லியில் மல்லாந்து விழுந்தார். கண்ணாடி உடைந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம்தான், வேறொன்றுமில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டேன். வைகாசிக்கு வைகாசி கண்ணகை அம்மன் சடங்கில் தெய்வமாடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். எப்படி ஆடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஆர்ரா அது? ஆர்ட மடியில கை வைக்கிறாய்? நான் இதுக்குள்ள இருக்கிறன்டா! நெருப்புக்குள்ள இருந்தவள்டா நான்!”

இறக்கிவைத்த சிலிண்டரைக்கூட ஏற்றாமல் ஓடினார்கள். லொறி மறைந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் ஆடினேன். சட்டென்று நிறுத்தினால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர் நினைத்துக்கொண்டது. அந்த வெள்ளி யாரோ விளக்கு வைத்தார்கள். அடுத்த வெள்ளி வேப்பிலை கட்டினார்கள். வைகாசி வந்ததும், அம்மனின் வெக்கை தணியச் செய்கிற குளிர்த்திச் சடங்கை எஞ்சினுக்கும் செய்தார்கள். மஞ்சள் தண்ணீரும் பாலும் இளநீரும் குடம் குடமாக ஊற்றினார்கள். சனம் போன பிறகு இவர் தனியே நின்று, பொருத்துகளுக்குள் இறங்கிய ஈரத்தைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

“கொதிக்கவேண்டியவளக் குளிரவைச்சே கொல்லுறாங்கள்,” என்றார். “வெட்ட வந்தவன் ஒரு நாளில முடிச்சிருப்பான். இது பத்து வருசம் எடுக்கும், அவ்வளவுதான்.”

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

வந்தவர்களில் ஒரு வெள்ளிகூடத் தவறாதவள் என் மச்சாள் அன்னப்பூரணி. அவளுடைய ஒரே மகன் வினாயகமூர்த்தி. தொண்ணூறில் ஆமி நடத்திய சுற்றிவளைப்பில், சாப்பிட்ட கையைக் கழுவவும் விடாமல் கூட்டிப்போனார்கள். பத்தொன்பது வயது. எங்கே கேட்டும் பதிலில்லை. அவள் எஞ்சினின் பெரிய சில்லில் கை வைத்து, “எப்ப தாயே?” என்று ஒரேயொரு கேள்வி கேட்பாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். பன்னிரண்டு வருடம் அப்படித்தான். அவளுக்குத் தேத்தண்ணி ஆற்றும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். கோப்பையை நீட்டியதும் வாய் மூடிக்கொள்ளும்.

சமாதானம் என்று ஒரு காலம் வந்ததல்லவா, அப்போது பாதைக்கும் கிடங்குக்கும் மறுபடி தண்டவாளம் போட்டார்கள். கொழும்பிலிருந்து பழைய எஞ்சின்களைக் காக்கும் சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். அந்த வெள்ளை எழுத்தை எழுதியவரே அவர்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. தன் எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“நெருப்பு மூட்டுவீங்களா?” என்று இவர் கேட்டார்.

“சத்தியம் பண்ண மாட்டேன்,” என்றார் அவர், உடைந்த தமிழில். “இதுக்கு முன்னால் ஒன்பது எஞ்சின் இருக்கு. எல்லாம் திருத்தாமல் நிக்குது. எங்களிட்ட ஒரு கூரை மட்டும் இருக்கு. ஆனால் இங்கே நின்றால் இரண்டு மாரி தாங்காது.”

ஊர் விடவில்லை. அம்மனைக் கொழும்புக்கு அனுப்புவதா? இழுத்துப்போக டீசல் எஞ்சின் வந்து நின்ற அன்று, தண்டவாளத்தில் வரிசையாகக் குந்திவிட்டார்கள். இவர் என்னிடம் வந்தார்.

“நீதான் அவவ இருத்தினாய், இரத்தினம்மா. நீதான் அனுப்பவேணும்.”

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இரண்டாம் தரமும் கூந்தலை அவிழ்த்தேன். ‘எனக்கு வேறு இடம் இருக்கு, போறன், மறிக்காதே’ என்று சொல்வதாகத்தான் திட்டம். ஆடத் தொடங்கினேன். சனம் எழுந்து கும்பிட்டது. அப்போது அன்னப்பூரணி குறி கேட்கிறவளாக வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“போறாயெண்டா எனக்கொரு கட்டுச் சொல்லிட்டுப் போ, தாயே. என்ட புள்ள இருக்கிறானா, இல்லையா?”

கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள் எஞ்சின் வாவிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. தண்டவாளம் இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. கம்புகளில் இருந்த நீர்க்காகங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளைப் புகை பின்னால் நீண்டு நீண்டு போனது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

“அவனத்தான் தேடிப் போறன்,” என்றது என் வாய். “வழி விடு.”

கண்ணைத் திறந்தபோது அவள் என் காலை விட்டிருந்தாள்.

தண்டவாளத்தில் இருந்தவர்களை அன்னப்பூரணியே கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். வீட்டுக்கு ஓடிப்போய் வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு வந்து எஞ்சினுக்குள் வைத்தாள். அவனுக்குப் பசி தாங்காதாம். டீசல் இழுத்தது. இருபத்தைந்து வருடம் நின்ற சில்லுகள் ஒரு கிறீச்சுக்கூட இல்லாமல் சுற்றின. இவர் அதன் மேல் கை வைத்தபடி வளைவுவரைக்கும் கூடவே நடந்துபோனார். திரும்பி வந்து சிரட்டையை எடுத்து வைத்துவிட்டு அழுதார். என் கறிச்சட்டி எண்ணெய் வீண்போகவில்லை என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அன்னப்பூரணி நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள், அம்மன் அவனைத் தேடப் புறப்பட்டுவிட்டாளா என்று கேட்க.

“வெளிக்கிட்டுட்டாவா மச்சாள்?”

“நெருப்பு மூட்டினாத்தானே வெளிக்கிடலாம். இன்னும் வரிசையில நிக்கிறா.”

“அதான பாத்தன்,” என்பாள். “வெளிக்கிட்டிருந்தா இதுக்குள்ள அவனக் கண்டுபுடிச்சிருப்பா.” அவள் முகம் தெளிந்துவிடும்.

இவர் ஆறு மாதத்துக்கொரு தரம் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவார். முன்னால் ஒன்பது என்று பதில் வந்தது. பிறகு எட்டு. பிறகும் எட்டு. சண்டை திரும்பவும் மூண்டது, ஐந்து என்று வந்தது. எண் குறையாத கடிதம் வந்தால் இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். நானோ ஒளித்து ஒரு பெருமூச்சு விடுவேன். நெருப்பு மூட்டிய பிறகு அவன் வராவிட்டால், அந்த மனுசிக்கு நான் என்ன சொல்வேன்? கொண்டவரின் ஆசை நிறைவேறக் கூடாது என்று நேர்ந்துகொண்ட பாவி நான்.

எண் பிறகும் இறங்கியது. எஞ்சின் போய் ஐந்து வருடம் ஆனது. போன வெள்ளி காலையில் கடிதம் வந்தது. ‘அடுத்தது உங்கள் எஞ்சின். கொதிகலன் தாங்குமானால் தைப்பொங்கலுக்குப் பிறகு நெருப்பு மூட்டுவோம். முதல் கரியை நீங்கள் வந்து போட வேண்டும்.’ இவர் மூன்று தரம் உரத்து வாசித்தார். எழுபத்தொரு வயதில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார். தனியே சிரித்தார்.

படலை திறந்தது. அன்னப்பூரணி வந்து வாசலில் குந்தினாள்.

“வெளிக்கிட்டுட்டாவா மச்சாள்?”

நான் தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினேன். இவர் கடிதத்தோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இல்ல தங்கச்சி,” என்றார். “இன்னும் அஞ்சு எஞ்சின் முன்னால நிக்கிது. சுணங்கும்.”

“அதான பாத்தன்,” என்று அன்னப்பூரணி தேத்தண்ணிக்குக் கை நீட்டினாள்.

இவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பைப் பொத்தானை இரண்டு தரம் தவறவிட்டார். நான் எழுந்துபோய்ப் போட்டுவிட்டேன்.