வீட்டுக்குக் கூப்பிட்ட குற்றம்

லா பலோமா என்கிற கடற்கரை ஊரின் கடற்பாலத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காற்று எந்தப் பக்கம், மீன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, இரைக்கு இறாலா மாவா, எல்லாவற்றுக்கும் பதில் வரும். வீடு எங்கே, பெண்டாட்டி பிள்ளை உண்டா என்று மட்டும் கேட்கக் கூடாது. எவனும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. ஆனாலும் மே முதல் ஆகஸ்ட் வரை, பெஹெர்ரெய் என்கிற வெள்ளி மீன் கரையோரம் வரும் அந்தத் தென்கோளக் குளிர்காலம் பூராவும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூண்டில் போடும் முப்பது பேருக்கும் அங்கே சொந்தப் பெயர்கூடக் கிடையாது. பட்டப்பெயர்தான். மோட்டார் படகு வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் ஆழ்கடலுக்குப் போய்விடுவார்கள். பாலம் இல்லாதப்பட்டவர்களுடையது.

ஹெபெர் அங்கே 'டிரைவர்'. முப்பத்திரண்டு வருஷம் தலைநகர் மாண்டிவிடியோவுக்குப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவருக்கு இடப்பக்கம் நிற்பவர் 'ஒல்லி'. ஒன்பது குளிர்காலமாக இருவரும் ஒரே குடுவையில், ஒரே உறிஞ்சியில் மாத்தே என்கிற கசப்புத் தேநீர் குடித்திருக்கிறார்கள். ஒல்லியின் எச்சில் ருசிகூட ஹெபெருக்குத் தெரிந்திருக்கும், பெயர் தெரியாது. என்ன ஜென்மங்களோ!

மே கடைசியில் ஒரு சனிக்கிழமை. தெற்கிலிருந்து காற்று. இந்தக் கடற்கரையில் அது தென்றல் இல்லை, எலும்பை எண்ணிப் பார்க்கும். ஆனால் மீன் அள்ள அள்ள வந்தது. தக்கை முங்குவதும் இழுப்பதுமாக இருவருக்கும் வாளி நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஹெபெருக்கு வாய் தவறிவிட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. வீட்டுக்கு வாயேன்யா. சுடச்சுடப் பொரிச்சுத் தரேன். பேக்கரிக்குப் பின்னால, பச்சை கேட்டு."

ஒல்லி தூண்டிலைச் சுருட்டினார்.

"பார்க்கலாம்" என்றார். நல்ல மீன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டார்.

ஹெபெர் மறுநாள் மேஜைக்குத் துணி விரித்தார். மனைவி இருந்தபோது விரித்த துணி. பதினேழு மீனைப் பொரித்து அடுக்கிவிட்டு, கேட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். மீன் ஆறிப் போனது. பக்கத்து வீட்டுப் பூனைக்கு அன்றைக்கு யோகம்.

அடுத்த சனிக்கிழமை ஒல்லி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பாலத்தில் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோளோடு தோள் நிற்கிற இடத்தில் ரகசியமாவது ஒன்றாவது!

"என்ன டிரைவரே, சம்பந்தம் பேசுற மாதிரி விருந்துக்குக் கூப்பிட்டீராமே?" என்றான் வலப்பக்கம் நிற்கும் பல்லன். "அதான் மாப்பிள்ளை ஓடிட்டாரு!"

முப்பது பேரும் சிரித்தார்கள். ஹெபெரும் சிரித்து வைத்தார். இடப்பக்கம் காலியாக இருந்த அந்த முழ அகலத்தை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. வாரத்தில் அவர் வாய் திறந்து பேசுவதே அந்த ஒரு ஆளோடுதான். அதையும் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் இரை விற்கும் ஒடிலாவிடம் கேட்டே விட்டார்.

"ஏம்மா ஒடிலா, அந்த ஒல்லி... உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவருக்கென்ன டிரைவரே, கல்லு மாதிரி இருக்காரு. புதன்கிழமை புதன்கிழமை வந்து இறால் வாங்கிட்டுப் போறாரு. கலங்கரை விளக்குக்குப் பின்னால பாறையில நிக்கிறாரு." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

புதன்கிழமை ஹெபெர் தூண்டில் இல்லாமல் வெறுங்கையோடு போனார். என்ன ஆனாலும் அந்த மனிதரைப் பாலத்துக்குத் திரும்பக் கூட்டி வருவது, வேண்டுமானால் காலில் விழுவது என்ற முடிவோடுதான் போனார். பாசி வழுக்கியது. அறுபத்தாறு வயதில் நான்கு காலில் தவழ்ந்து ஏறினார்.

ஒல்லி திரும்பிப் பார்த்தார். "விழுந்து தொலைக்காதேய்யா. தூக்க ஆளில்லை."

"நான் கூப்பிட்டது தப்புன்னா மன்னிச்சுக்கோ" என்றார் ஹெபெர் மூச்சு வாங்க. "கொலையா பண்ணிட்டேன்? பிடிக்கலைன்னா வரலைன்னு சொல்லிட்டுப் போறது. மூணு வாரமா என் பக்கத்துல ஒரு பேயும் இல்லை."

"வந்தேன்" என்றார் ஒல்லி.

"எங்கே?"

"உன் வீட்டுக்கு. சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன். பச்சை கேட்டு வரைக்கும் வந்துட்டேன். ஜன்னல்ல பார்த்தேன். துணி விரிச்சு, ரெண்டு தட்டு வெச்சு, நீ தலையைச் சீவிக்கிட்டு உட்கார்ந்திருந்த."

"அப்புறம் ஏன்யா உள்ளே வரலை?"

ஒல்லி தக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்குன்னு ஒருத்தர் தட்டு வெச்சுப் பதினாலு வருஷமாச்சு. படகு ஷெட்டுக்கு மேல ஒரு ரூம்ல கிடக்கேன். நின்னுக்கிட்டே தின்னுட்டுப் படுத்துருவேன். பழகிடுச்சு. உன் வீட்டுல ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட்டுட்டா, அப்புறம் அந்த ரூமுக்குத் திரும்பிப் போக என்னால முடியாது. பயந்துட்டேன், டிரைவர். அவ்வளவுதான்."

ஹெபெருக்கு அழுகை வந்தது. எனக்கும் அப்படித்தானே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தினமும் வா, அங்கேயே இரு, இரண்டு அறை சும்மா கிடக்கிறது என்று சொல்ல வந்தது. சொன்னால் இந்த மனிதர் இந்தப் பாறையை விட்டும் போய்விடுவார்.

"சனிக்கிழமை வரேன்" என்றார் ஒல்லி. "ஆனா ஒரு வார்த்தை குடு. இனிமே வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது."

"கூப்பிட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாய்யா."

சனிக்கிழமை ஒல்லி இடப்பக்கம் வந்து நின்றார். பல்லன் ஏதோ ஆரம்பித்தான். ஹெபெர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். மாத்தே கை மாறியது. மீனும் மோசமில்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் சாமான்களைக் கட்டினார்கள். பாலத்தின் முனையில் ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் போக வேண்டும்.

"நாளைக்கு..." என்றார் ஹெபெர்.

ஒல்லி வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் கெஞ்சியது. கூப்பிடாதே என்றா, கூப்பிடு என்றா, ஹெபெருக்கு இன்றுவரை தெரியாது.

"நாளைக்குக் காத்து திரும்பும்னு ரேடியோவுல சொன்னான்" என்றார்.

"திரும்பட்டும்" என்றார் ஒல்லி.

சத்தியம் செய்தவர் வலப்பக்கம் திரும்பி, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்.