உறவினரா? ஆம்

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் அந்தத் தீவில் செல்போனுக்கு உயிர் வரும். உனைசி அங்கே நின்று, தலைநகர் சுவாவிலிருந்து வந்த மின்னஞ்சலை மூன்றாம் முறையாகப் படித்தாள். மேலதிகாரியின் பரிந்துரைப் படிவத்தை ஏற்பதற்கில்லையாம், புதிய படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டுமாம். காரணம்? அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அவள் விண்ணப்பித்திருந்தது பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்கு. நாற்பது வயதுக்குள் சேர்ந்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும், அவளுக்கு வருகிற மார்ச்சில் நாற்பது. போன வருஷம் டைபாய்டு வந்து மேற்கு ஊரில் இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். ஓடைத் தண்ணீர்தான் காரணம் என்று வீடு வீடாக அலைந்து கண்டுபிடித்து அவள் எழுதிய கடிதத்தை, வெறும் நர்ஸ் எழுதியதுதானே என்று மேலே யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. படித்துவிட்டு வந்து எழுதினால் பார்க்காமல் எங்கே போவார்கள்?

எல்லாம் மகெரெதாவின் வேலை என்று மனம் உடனே சொன்னது. உனைசி நர்ஸாக இருக்கும் சுகாதார நிலையத்தின் தலைமை சிஸ்டர் மகெரெதா. இருவர் ஊருக்கும் ஆதியில் ஒரே குலதெய்வம், அதனால் இருவரும் 'தௌவு'. தௌவு என்றால் வாய்க்கு வந்தபடி திட்டலாம், கேட்காமல் ஒருவர் பொருளை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்வதுதான் அசிங்கம். ஒன்பது வருஷமாக மகெரெதா அவளை 'எலிதின்னி' என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மரவள்ளிக் கிழங்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கிறாள். உனைசியும் சளைத்தவள் இல்லை, அவளுக்கு 'தவளைவாய்' என்று பெயர் வைத்திருந்தாள். அதெல்லாம் சரிதான். ஆனால் நாள் முழுக்கத் திட்டுகிறவள் ஒரு நாள் மனசாரவே திட்டிவிட்டால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? படிவத்தை நிரப்பிய அன்று கதவைச் சாத்திக்கொண்டாளே, அது எதற்கு? உறையை ஒட்டும்போது, "எலிதின்னிக்கு முதுகலை கேக்குதாம்!" என்று நக்கலடித்தாளே? உனைசி போய்விட்டால் மாத அறிக்கையை யார் எழுதுவது? மகெரெதாவுக்கு அது சுட்டுப்போட்டாலும் வராது.

உள்ளே மகெரெதா கைக்குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள். தாய்மார்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏ தவளைவாய், என் படிவத்துல என்னடி கிறுக்கி வச்ச?" சிரித்துக்கொண்டே கேட்கத்தான் நினைத்தாள். குரல் சிரிக்கவில்லை.

"உள்ளதத்தான் எழுதினேன். எலி திம்பா, நின்னுக்கிட்டே தூங்குவா..."

பாயில் ஒரே சிரிப்பு.

"விளையாடாத. திருப்பி அனுப்பிட்டாங்க."

மகெரெதா செல்போனை வாங்கிப் படித்தாள். கையிலிருந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தாள். எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்கிறவள் அவள். "இந்தா, நீயே பாரு" என்று நீட்டினாள்.

'என்னிடம் வேலை பார்த்தவர்களில் இவளைப் போல் ஒருத்தி இல்லை. டைபாய்டின் காரணத்தை முதலில் கண்டவள் இவள்தான், நாங்கள் காது கொடுக்கவில்லை. இவள் போனால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.' உனைசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷத்தில் இந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. பிறகுதான் மேலே இருந்த கட்டத்தைப் பார்த்தாள். விண்ணப்பதாரர் உங்கள் உறவினரா? ஆம். என்ன உறவு? தௌவு.

"உறவுக்காரங்க எழுதக் கூடாதுன்னு கீழயே போட்டிருக்கே!"

"நீ எனக்கு உறவு இல்லையா?" என்றாள் மகெரெதா.

முப்பது வருஷமாகப் படிவம் நிரப்புகிறவளுக்கு, ஆபீஸ்காரர்கள் உறவு என்று எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாதா? அடங்கிய சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. அந்த முகத்தில் எவ்வளவு தேடியும் ஒன்றும் பிடிபடவில்லை.

"படகு ரெண்டு மணிக்கு. வெத்துப் படிவம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்றாள் உனைசி.

மகெரெதா உட்கார்ந்து, பழைய வரிகளை ஓரெழுத்து மாறாமல் திரும்ப எழுதினாள். அந்தக் கட்டத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கே வந்ததும் பேனா நின்றது.

"உன் வாயால சொல்லு. என்ன போடணும்?"

பாயில் சிரிப்பு அடங்கிவிட்டது. குலதெய்வம் ஒன்று என்பதை இல்லை என்று யாரும் அந்தத் தீவில் சொல்லிக் கேட்டதில்லை. உனைசி மேற்கு ஊர் ஓடையை நினைத்துக்கொண்டாள், அந்த இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டாள்.

"இல்லைன்னு போடுங்க, சிஸ்டர்."

'போடுங்க' எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மகெரெதா எழுதினாள், முத்திரை குத்தினாள், உறையை ஒட்டி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நல்லபடியா கிடைக்கட்டுங்க, நர்ஸம்மா."

உறையைப் படகுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உனைசி திரும்பியபோது தாய்மார்கள் போய்விட்டிருந்தார்கள். மேஜையில் அவள் டப்பா மூடியபடியே இருந்தது. மற்ற நாளாயிருந்தால் இந்நேரம் பாதி காலியாகியிருக்கும். அவள் மூடியைத் திறந்து எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தாள். பெரிய துண்டு மேலாகவே இருந்தது, காலையில் அப்படி வைத்தவள் அவள்தான்.

மகெரெதா கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இதுல ஒரு துண்டு எடுத்துக்கலாங்களா?"

உனைசி அந்த அகன்ற வாயின் ஓரத்தைப் பார்த்தாள். ஒரு சிரிப்பு, கேலியின் ஒரு சின்னச் சுழிப்பு, ஏதாவது. மகெரெதாவின் கை மடியிலேயே இருந்தது, பதிலுக்குக் காத்துக்கொண்டு.